வண்டல் பிசிபி → மீன்: பிஎஸ்ஏஎஃப் ஒரு எண் சொல்கிறது, உணவுவலை மாதிரி வேறு எண் சொல்கிறது. எதை நம்புவது?

ஆற்றோரம் (கேள்வி)

நியூயார்க்கின் மேல் ஹட்சன் ஆற்றை எடுத்துக்கொண்டு, வண்டலில் கிடக்கும் பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற நச்சு வேதிப்பொருள்) மீனுக்குள் எவ்வளவு சேரும் என்று கணக்குப் போடும் ஒரு விரிதாள் தயாராகிறது. பின்னணி தெரியாதவர்களுக்கு: ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் ஆகிய இரண்டு ஊர்களில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் கெப்பாசிட்டர் ஆலைகளிலிருந்து 1977 வரை சுமார் முப்பது ஆண்டுகள் பிசிபி ஆற்றில் கலந்தது. 1973-இல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை அகற்றியபோது அதன் பின்னால் தேங்கிக் கிடந்த வண்டல் கீழே இறங்கிப் பரவியது. 2009-இலும், பிறகு 2011 முதல் 2015 வரையிலும் தூர்வாரினார்கள். மீன் தசையில் 0.05 மி.கி/கி.கி என்பது இறுதி இலக்கு. போகும் வழியில் 0.4, 0.2 என்று இரண்டு இடைப்படிகள்.

கீழே உள்ளவை பயிற்சிக்காக வைத்துக்கொண்ட எண்கள், ஆற்றில் அளந்தவை அல்ல:

வண்டலில் மொத்த பிசிபி 5 மி.கி/கி.கி (உலர் எடை). ஆர்கானிக் கார்பன் 2.5%. மீன் லார்ஜ்மவுத் பாஸ்.

வழி ஒன்று, பிஎஸ்ஏஎஃப், அதாவது மீனின் கொழுப்பில் உள்ள அளவை வண்டல் கார்பனில் உள்ள அளவால் வகுத்த விகிதம். 5-ஐ 0.025-ஆல் வகுத்தால் கார்பன் கிலோவுக்கு 200 மி.கி. பிஎஸ்ஏஎஃப் 4, தசையின் கொழுப்பு 1%. விடை 8 மி.கி/கி.கி.

வழி இரண்டு, ஆர்னாட்–கோபாஸ் 2004 உணவுவலைச் சமன்பாடுகள் (நீரிலிருந்தும் இரையிலிருந்தும் மீனுக்குள் வருவதையும், அதிலிருந்து வெளியேறுவதையும் கணக்கிடுபவை). மொத்த பிசிபிக்கு லாக் கௌ 6.5 (கௌ என்பது ஆக்டனால்–நீர் பங்கீட்டு எண்: ஒரு பொருள் நீரைவிட, கொழுப்பு மாதிரியான ஆக்டனாலில் எத்தனை மடங்கு சேரும் என்பது), மீனின் கொழுப்பு 5%. விடை 30 மி.கி/கி.கி.

கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். இரண்டாவதை முதலாவதோடு ஒட்டவைக்கச் செரிமானத் திறனையும் வளர்ச்சி வேகத்தையும் திருகலாமா? அல்லது முதலாவதன் பிஎஸ்ஏஎஃப்-ஐ மாற்றுவதா?

---

கெளுத்திக்கணக்கு

எதையும் திருக வேண்டாம். முதலில் இரண்டு விடைகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்.

8-ஐ 0.01-ஆல் வகுங்கள்: கொழுப்புக் கிலோவுக்கு 800 மி.கி. 30-ஐ 0.05-ஆல் வகுங்கள்: 600 மி.கி. வித்தியாசம் நாலு மடங்கு இல்லை, 1.3 மடங்குதான். ஒன்றில் தோல் நீக்கிய தசைத்துண்டை எடுத்திருக்கிறீர்கள், மற்றதில் முழு மீனை. பிசிபி கொழுப்பைத் தேடிப் போகிற சரக்கு. குடல் சுற்றிய கொழுப்பும் வயிற்றோரக் கொழுப்பும் சேர்ந்தால் எண் ஏறத்தான் செய்யும். தசைத்துண்டிலேயே விலா எலும்புப் பகுதியை விட்டு வெட்டினால் ஒரு எண், சேர்த்து வெட்டினால் இன்னொரு எண். அளந்த தரவோடு ஒப்பிடும்போது அந்த ஆண்டில் எப்படி வெட்டினார்கள் என்பதைப் பார்க்காமல் ஒரு புள்ளியைக்கூட வரைபடத்தில் வைக்காதீர்கள்.

ஆனால் இரண்டும் ஒத்துப்போய்விட்டது என்று நிம்மதி அடையவும் கூடாது. இரண்டுக்கும் அடியில் ஒரே பிழை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிஎஸ்ஏஎஃப் 4 எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் தூர்வாரும் மண்ணைச் சோதிக்கும் கையேட்டில், “மோசமாகப் போனால் எவ்வளவு” என்று வடிகட்டிப் பார்க்க வைத்த எண் அது. மீனின் உண்மையான அளவைச் சொல்வதற்கு அல்ல. கொழுப்பு ஆக்டனால் மாதிரி நடந்துகொள்கிறது, வண்டலின் கார்பன் அதில் 0.35 பங்கு வலுவோடு பிடித்துக்கொள்கிறது என்று வைத்தால், சமநிலையில் பிஎஸ்ஏஎஃப் 1 ÷ 0.35, அதாவது சுமார் 2.9. களத்தில் அளக்கும்போது இதற்குக் கீழும் வரும், மேலும் வரும். கீழே போனால் வண்டல் பிசிபியை இறுகப் பிடித்திருக்கிறது, அல்லது மீன் அந்த இடத்தில் மேய்வதில்லை. மேலே போனால் உணவுச்சங்கிலியில் பெருகியிருக்கிறது, அல்லது மேலிருந்து வரும் ஆற்றுநீர் இன்னொரு வாசலாக இருக்கிறது. பிஎஸ்ஏஎஃப் இவை எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் அமுக்கி வைத்துவிடுகிறது. ஒரு இடத்தில், ஒரு மீனுக்கு, அளந்து எடுத்தால் பயனுண்டு. வேறு ஆற்றிலிருந்து கடன் வாங்கினால் பயனில்லை.

அளந்து எடுப்பதாக இருந்தால் மூன்று இடங்களில் கவனம்.

ஆழம். புழுவும் பூச்சிக்குடம்பிகளும் புழங்கும் மேல் அடுக்குதான் கணக்கில் வரும், பொதுவாக 5 முதல் 15 செ.மீ. ஹட்சன் மாதிரி ஆற்றில் பழைய உச்சம் அடியில் புதைந்து கிடக்கும். 30 செ.மீ. மண்தூணை முழுசாகக் கலக்கிச் சராசரி எடுத்தால் பகுதியெண் வீங்கி, பிஎஸ்ஏஎஃப் சின்னதாகத் தெரியும். அப்புறம் “இந்த வண்டல் அவ்வளவு ஆபத்தில்லை” என்று யாராவது அறிக்கை எழுதுவார்கள்.

மேய்ச்சல் எல்லை. பம்ப்கின்சீட் என்ற சின்ன மீன், அதுவும் ஒரு வயதுக் குஞ்சு, கரையோரச் செடிகளை விட்டு அதிகம் நகராது. கோடைக் கடைசியில் பிடித்தால் அந்த ஆண்டின், அந்த இடத்தின் கதையைச் சொல்லும். பாஸ் அப்படியல்ல. அதன் வண்டல் சராசரியை அது திரியும் நீளம் முழுவதற்கும், பரப்புக்கேற்ற நிறையோடு எடுக்க வேண்டும். மாசு திட்டுத்திட்டாகக் கிடக்கும் ஆற்றில் சாதாரணச் சராசரி ஏமாற்றும், ஏனென்றால் மாதிரி எடுப்பவர்கள் மாசு உள்ள இடத்தில்தான் அதிகக் குழி போடுவார்கள்.

கொழுப்பு. 1%-க்குக் கீழே போனால் அளவீட்டுப் பிழையே விகிதத்தை ஆட்டிவிடும். 0.4%-ஆ 0.6%-ஆ என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கரைப்பானைப் பொறுத்து வித்தியாசம் வரும். விடை ஒன்றரை மடங்கு மாறிப்போகும்.

இப்போது அடியில் இருக்கும் பிழை: “மொத்த பிசிபி” என்ற ஒன்று கிடையாது. குளோரின் எண்ணிக்கையிலும் அது இருக்கும் இடத்திலும் மாறுபடும் 209 தனி வடிவங்கள், அதாவது காஞ்ஜெனர்கள். ஹட்சனில் போனது பெரும்பாலும் அரோகுளோர் 1242 வகை, குளோரின் குறைந்த கலவை. அது காற்றில்லா வண்டலில் பல ஆண்டுகள் கிடக்கும்போது நுண்ணுயிர்கள் மூலக்கூறின் மெட்டா, பாரா எனப்படும் இடங்களில் உள்ள குளோரினைக் கழற்றிவிடும். ஆர்த்தோ இடத்துக் குளோரின் மட்டும் மிஞ்சிய ஒற்றை, இரட்டைக் குளோரின் பிசிபிகள் குவியும். வண்டலின் மொத்தத்தில் இவை பெரும்பங்கு. மீனில் தங்குவதோ மூன்று முதல் ஆறு குளோரின் உள்ளவை. வண்டலில் எது அதிகமோ அது மீனில் குறைவு. மொத்தத்தை மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது எந்தக் காஞ்ஜெனரின் பிஎஸ்ஏஎஃப்-உம் இல்லை.

---

சமநிலைவாதி

மேலே சொன்னதற்கு எண் போட்டுப் பார்க்கலாம். ஆர்னாட்–கோபாஸ் சமன்பாடுகளையே எடுத்து, கையால் ஒரு மீனுக்குச் செய்கிறேன். விரிதாளில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மீன் 0.5 கிலோ. நீர் 12 டிகிரி செல்சியஸ், கரைந்த ஆக்ஸிஜன் 10 மி.கி/லி. உடல்: கொழுப்பு 5%, கொழுப்பல்லாத கரிமப்பொருள் 20%, மீதி நீர். இரை: கொழுப்பு 3%, கரிமப்பொருள் 20%, நீர் 77%. லாக் கௌ 6.5.

செவுள் வழியே ஓடும் நீர் = 1400 × எடையின் 0.65 அடுக்கு ÷ ஆக்ஸிஜன். விடை நாளுக்கு 89 லிட்டர். செவுளின் உறிஞ்சுதிறன் = 1 ÷ (1.85 + 155/கௌ) = 0.54. ஆக உறிஞ்சும் வேகம் = 0.54 × 89 ÷ 0.5 = 96 லி/கி.கி/நாள்.

உடல்–நீர் பங்கீட்டு எண் = கொழுப்புப் பங்கு × கௌ + கரிமப்பொருள் பங்கு × 0.035 × கௌ + நீர்ப் பங்கு. 0.05 + 0.007 = 0.057, இதைக் கௌ-ஆல் பெருக்கினால் 1,80,000. செவுள் வழி வெளியேற்றம் = 96 ÷ 1,80,000 = நாளுக்கு 0.00054.

உண்ணும் அளவு = 0.022 × எடையின் 0.85 அடுக்கு × இ (2.718 என்ற மாறிலி) என்பதன் (0.06 × வெப்பநிலை) அடுக்கு = நாளுக்கு 25 கிராம். குடலின் உறிஞ்சுதிறன் = 1 ÷ (0.0000003 × கௌ + 2) = 0.34. உணவு வழி வேகம் = 0.34 × 0.025 ÷ 0.5 = 0.017.

மலம்: கொழுப்பில் 92%, கரிமப்பொருளில் 60%, நீரில் 25% செரிக்கிறது என்று வைத்தால் தின்றதில் 66% எடை வெளியேறும். அந்தக் குடல் சரக்கில் கொழுப்பு 0.36%, கரிமப்பொருள் 12%. மலம் வழி வெளியேற்றம் 0.00155. வளர்ச்சியால் நீர்த்துப்போவது, குளிர்நீர்ச் சமன்பாட்டின்படி 0.0005 × எடையின் −0.2 அடுக்கு = 0.00057. வளர்சிதை மாற்றம் சுழியம் என்று வைக்கிறோம்.

மொத்த இழப்பு நாளுக்கு 0.00266. பாதியாகக் குறைய 260 நாள். 95% நிலைக்கு வர மூன்று ஆண்டு. உணவிலிருந்து பெருக்கம் = 0.017 ÷ 0.00266 = 6.4 மடங்கு ஈர எடையில், கொழுப்புக் கணக்கில் 3.8.

கரைந்த நிலையில் லிட்டருக்கு 1 நானோகிராம் இருந்து, இரை அந்த நீரோடு ஏறத்தாழச் சமநிலையில் 100 நா.கி/கிராம் சுமந்தால், செவுள் வழியே நாளுக்கு 96, உணவு வழியே 1700. செவுளின் பங்கு 5%. லாக் கௌ 6-க்கு மேல் போனால் செவுளை ஆராய்வதில் நேரம் செலவழிக்காதீர்கள், இரைப்பட்டியலில் செலவழியுங்கள்.

இப்போது லாக் கௌ 4.65-க்கு, அதாவது பிசிபி 4-க்கு, அதே மீனைப் போடுங்கள். பங்கீட்டு எண் 2,500-க்கு இறங்கும். செவுள் வழி மட்டுமே பாதியாகக் குறைய 18 நாள். இதுவே 6.5-க்கு 1,300 நாள். வண்டலில் குவிந்து கிடக்கும் இரட்டைக் குளோரின் சரக்கு ஏன் மீனில் நிற்பதில்லை என்பதற்கு விடை இதுதான்.

இன்னொன்று. உங்கள் 5 மி.கி/கி.கி வண்டலுக்கு இடுக்குநீரில் (வண்டல் துகள்களுக்கு இடையே உள்ள நீரில்) எவ்வளவு கரைந்திருக்கும்? 200 மி.கி/கி.கி கார்பனை 0.35 × கௌ-ஆல் வகுக்க வேண்டும். லாக் கௌ 6.5 என்றால் லிட்டருக்கு 180 நானோகிராம். 5.6 என்றால் 1,430. “மொத்த பிசிபிக்கு ஒரு லாக் கௌ” என்று தேர்வு செய்யும் அந்த ஒரு நொடியில் எட்டு மடங்கு போய்விட்டது. செரிமானத் திறனை எவ்வளவு திருகினாலும் எட்டு மடங்கு கிடைக்காது. குறைந்தபட்சம் குளோரின் எண்ணிக்கைவாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் 52, 153, 180 போன்ற பத்துப் பன்னிரண்டு காஞ்ஜெனர்களுக்குத் தனித்தனியே ஓட்டி, கடைசியில் கூட்டுங்கள்.

அலகுப் பிழைக்குப் பேர்போன இடம்: நீரின் கரைந்த பங்கு. துகள் கார்பனும் கரைந்த கார்பனும் கி.கி/லி அலகில் போக வேண்டும். துகள் 0.5 மி.கி/லி என்றால் 0.0000005. கரைந்தது 4 மி.கி/லி என்றால் 0.000004. குணகங்கள் 0.35, 0.08. லாக் கௌ 6.5-க்குச் செவுளைக் கடக்கும் பங்கு 39%. 7.4-க்கு 7%. மி.கி-யையே அப்படியே போட்டால் பங்கு கிட்டத்தட்டச் சுழியமாகிவிடும், மீன் நீரிலிருந்து எதுவும் எடுக்கவில்லை என்று விரிதாள் சொல்லும், எந்தச் சிவப்பு எச்சரிக்கையும் வராது.

---

மீன்முள்

ஒரு துணைக்கேள்வி. இதே சமன்பாடுகளைத் தமிழ்நாட்டு நீர்நிலைக்குப் போட்டால்? 28 டிகிரி நீரில் உண்ணும் அளவு நாளுக்கு 65 கிராம் என்கிறது. அரைக்கிலோ மீன் தன் எடையில் 13% தினமும் தின்னுமா? தவிர, கொடைக்கானல் பாதரசத்துக்கும் இதைப் பயன்படுத்தலாமா?

---

சமநிலைவாதி

தின்னாது. அந்த உணவுச் சமன்பாடு குளிர்நீர் டிரவுட் மீன்களின் ஆய்விலிருந்து வந்தது. வெப்பநிலையை அடுக்கில் வைத்திருப்பதால் 20-க்கு மேல் ஓடிப்போய்விடும். ஆனால் வேடிக்கை பாருங்கள். 28 டிகிரிக்கு, ஆக்ஸிஜன் 6.6 என்று வைத்து, வளர்ச்சிக்கும் வெப்பநீர்க் குணகமான 0.00251-ஐப் போட்டால், மொத்த இழப்பு 0.00775 ஆகிறது. பெருக்கம் 5.7. குளிர்நீரில் 6.4. பெரிய மாற்றமில்லை, ஏனென்றால் அதிகம் தின்றால் அதிகம் கழிக்கவும் செய்கிறது, வேகமாக வளரவும் செய்கிறது. மாறுவது காலம்: பாதியாகக் குறைய 260 நாள் இருந்தது 90 நாளுக்கு வந்துவிடும்.

தப்பு எங்கே நடக்கும் என்றால், வெப்பநிலையை மட்டும் 28 ஆக்கிவிட்டு வளர்ச்சிக் குணகத்தைப் பழைய 0.0005-லேயே விடும்போது. அப்போது பெருக்கம் 8.2-க்கு எகிறும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளூர் மீனின் உணவளவு தெரிந்தால் — வளர்ப்புக் குளத் தரவு நிறையவே கிடைக்கும் — சமன்பாட்டைத் தூக்கிவிட்டு அந்த எண்ணையே போடுங்கள். கைக்கு ஒரு சோதனை: உணவு வழி வேகத்தை மலம் வழி வெளியேற்றத்தால் வகுத்தால் பெருக்கத்தின் உச்ச வரம்பு வரும். மேலே உள்ள மீனுக்கு 11. விரிதாள் அதற்கு மேல் ஏதாவது சொன்னால் அது உயிரியல் இல்லை, தட்டச்சுப் பிழை.

பாதரசத்துக்கு இது உதவாது. 2001-இல் மூடிய கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பிரச்சினை உலோகப் பாதரசம். அது மீனில் ஏற வேண்டுமென்றால் முதலில் காற்றில்லா வண்டலில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்க வேண்டும். அந்த வேகம் சல்ஃபேட், கரிமப்பொருள், ஆக்ஸிஜன் நிலை ஆகியவற்றைப் பொறுத்தது, மொத்தப் பாதரசத்தை மட்டும் பொறுத்ததல்ல. மெத்தில் பாதரசம் போய் ஒட்டுவது புரதத்தின் கந்தகத்தில், கொழுப்பில் அல்ல. கொழுப்பால் வகுப்பதும் கௌ-வும் அங்கே அர்த்தமில்லாதவை. தனி இழை போடுங்கள்.

---

படிவுப்பெட்டி

எல்லோரும் இடுக்குநீரைக் கணக்கிட்டே சொல்கிறீர்கள். அளக்கலாமே! மேலே வந்த 180 நா.கி/லி என்பது வண்டலின் கார்பன் எல்லாம் ஒரே மாதிரி பிடிக்கும் என்ற நம்பிக்கையில் வந்தது. பழைய தொழில்நகர ஆற்று வண்டலில் புகைக்கரி, நிலக்கரித் துணுக்கு, மரத்தூள் எல்லாம் கலந்து கிடக்கும். கரிமச் சோதனை உலையில் எல்லாமே “கார்பன் 2.5%” என்றுதான் வரும். ஆனால் புகைக்கரி பிடிக்கும் பிடி சாதாரண மட்கைவிடப் பத்து மடங்கு, சில சேர்மங்களுக்கு அதற்கும் மேல். அப்போது உண்மையான இடுக்குநீர் உங்கள் கணக்கில் பத்தில் ஒன்றாக இருக்கலாம். மீனுக்கான கணித மாதிரி மேலே எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அடித்தளத்தில் பத்து மடங்கு பிழை அப்படியே மேலே ஏறும்.

செய்முறை. பாலிஎத்திலீன் தாள், தடிமன் 25 மைக்ரான் அல்லது 50. டைக்குளோரோமீத்தேன், மெத்தனால், நீர் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் ஒரு நாள் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். இந்தச் சுத்தம் சரியில்லையென்றால் வெற்றுத்தாளிலேயே பிசிபி தெரியும். அதன் பிறகு களத்தில் இல்லாத காஞ்ஜெனர்களை — 29, 69, 155, 192 போன்றவை — மெத்தனால்–நீர்க் கலவையில் வைத்துத் தாளுக்குள் ஏற்றுங்கள். இவை சாட்சிகள். தாளைச் சட்டத்தில் பொருத்தி வண்டலில் செங்குத்தாகச் செருகுங்கள், மேல் பாதி ஆற்றுநீரில் நிற்கும்படி. 28 நாள் விடுவது வழக்கம். எடுத்தவுடன் ஒட்டிய மண்ணை ஈரத்துணியால் துடைத்து, 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, தனித்தனிக் குப்பியில் போடுங்கள். ஒரே தாளில் இடுக்குநீரும் மேல்நீரும் (வண்டலுக்கு மேலே ஓடும் நீர்) இரண்டும் கிடைத்துவிடும்.

28 நாளில் கனமான காஞ்ஜெனர்கள் சமநிலைக்கு வராது. அதற்குத்தான் சாட்சிகள். சாட்சி 40% வெளியே போயிருந்தால், அதே கௌ உள்ள களக் காஞ்ஜெனர் 40% உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். அளந்ததை 0.4-ஆல் வகுங்கள். அதையே தாள்–நீர் பங்கீட்டு எண்ணால் வகுத்தால் கரைந்த அளவு. சாட்சி 10%-கூடப் போகவில்லையென்றால் திருத்தம் பத்து மடங்குக்கு மேல் போகும், சாட்சியின் அளவீட்டுப் பிழையே விடையை விழுங்கிவிடும். மெல்லிய தாள் போடுங்கள் அல்லது நாளைக் கூட்டுங்கள். அசையாத இடுக்குநீரில், ஓடும் நீரில் போவதைவிடச் சாட்சி மெதுவாகவே போகும். இரண்டுக்கும் தனித்தனித் திருத்தம், ஒரே எண்ணை இரண்டுக்கும் போடாதீர்கள்.

செருகும்போது சட்டம் சாய்ந்தால் ஆழக்கணக்கு போய்விடும். சட்டத்தில் வண்டல் மட்டத்தைக் கீறி வைத்துவிட்டு, எடுக்கும்போது சகதிக்கோட்டை அதோடு ஒப்பிடுங்கள்.

மேல்நீருக்கும் இடுக்குநீருக்கும் உள்ள விகிதம்தான் இந்த அளவீட்டின் உண்மையான வரவு. இடுக்குநீர் பல மடங்கு அதிகம் என்றால் வண்டல் நீருக்குக் கசிந்துகொண்டிருக்கிறது. அப்போது வண்டலில் மேய்கிற இரையும், நீர்த்திரளில் மிதக்கிற இரையும் இரண்டு வெவ்வேறு உலகத்தில் வாழ்கின்றன. மீனின் விடை அதன் தட்டில் எது எவ்வளவு என்பதில்தான் தொங்குகிறது.

---

ஆற்றோரம்

நன்றி. கொழுப்பைத் திருத்தியதும் இரண்டும் பக்கத்தில் வந்துவிட்டன. குளோரின் எண்ணிக்கைவாரியாகப் பிரித்தாகிவிட்டது. இப்போது இரைப்பட்டியல். பாஸுக்கு 50% மீன், 50% அடிவாழ் உயிரி என்று போட்டிருக்கிறது. அடிவாழ் உயிரிக்கு இடுக்குநீரிலிருந்து சுவாசிக்கும் பங்கு 5%. இதை 20% ஆக்கினாலும் பாஸில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறதா?

---

கெளுத்திக்கணக்கு

அறுந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அடிவாழ் உயிரி வண்டலையே தின்றால், இடுக்குநீர் சுவாசத்தை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் அது ஏற்கெனவே வண்டலோடு சமநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். உறுதி செய்ய இரண்டு ஓட்டம் போடுங்கள். ஒன்றில் வண்டலையும் இடுக்குநீரையும் சுழியமாக்குங்கள், மேல்நீர் மட்டும். மற்றதில் மேல்நீர் சுழியம், வண்டல் மட்டும். சமன்பாடு நேர்கோட்டுத்தன்மை உள்ளது. இரண்டு விடைகளின் கூட்டல் முழு ஓட்டத்துக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் விரிதாளில் ஏதோ ஒரு கட்டம் தவறான வரிசையைப் பார்க்கிறது. வந்தால், போனஸாக, எந்த வாசல் எவ்வளவு என்ற கணக்கும் கையில் இருக்கும்.

வண்டலைத் தின்பவற்றுக்கு இரை என்பது வண்டலின் கார்பன். அதற்குக் கொழுப்பு சுழியம், பிடிப்புக் குணகம் 0.35. சிலர் உலர் எடையில் உள்ள வண்டலை ஈர எடை உணவாகப் போட்டுவிடுவார்கள். அடிவாழ் உயிரி மட்டும் மூன்று மடங்கு எகிறும், பழி பாஸின் மேல் விழும். அதனால் மேலிருந்து கீழே சரிபார்க்காதீர்கள். கீழிருந்து மேலே: முதலில் அடிவாழ் உயிரி, பிறகு சின்ன மீன், பிறகு பாஸ். ஒவ்வொரு படியிலும் கொழுப்புக் கணக்கில் கணித்தது ÷ அளந்தது.

50–50 என்பதையும் ஒரே மீனுக்கு வைக்காதீர்கள். பாஸ் குஞ்சாக இருக்கும்போது மிதவை உயிரி, கொஞ்சம் வளர்ந்தால் பூச்சி, அதற்கப்புறம் மீனும் நண்டு மாதிரியான கிரேஃபிஷ்ஷும். மூன்று அளவு வகுப்புகளாகப் பிரியுங்கள். புரவுன் புல்ஹெட் நம்ம ஊர்க் கெளுத்தி மாதிரி அடித்தட்டிலேயே உருள்வது. அதையும் யெல்லோ பெர்ச்சையும் ஒரே ஓட்டத்தில் ஒரே குணகங்களோடு சரியாகக் கணிக்க முடிந்தால்தான் உங்கள் வண்டல்–நீர் பங்கீடு சரி. பாஸ் ஒன்றை மட்டும் பொருத்துவது பெரிய காரியமில்லை, எத்தனை தவறான வழியில் வேண்டுமானாலும் அது பொருந்தும்.

---

சமநிலைவாதி

பொருத்தம் எவ்வளவு போதும் என்பதற்கு: எல்லா மீன்களுக்கும் கணித்தது ÷ அளந்தது என்ற விகிதத்தின் லாக் எடுத்துச் சராசரி போடுங்கள். பெருக்கல் சராசரி 1-க்குப் பக்கத்திலும், பெரும்பாலான புள்ளிகள் இரண்டு மடங்குக்குள்ளும் இருந்தால் இந்த வகை மாதிரிக்கு அது நல்ல விடை. சாதாரணச் சராசரி எடுத்தால் ஒரு கொழுத்த மீன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நிச்சயமின்மைக்கு ஒரு எண்ணுக்குப் பதில் பரவல் கொடுங்கள். ஹட்சனுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பயன்படுத்திய ஃபிஷ்ரேண்ட் மாதிரியும் இதே கோபாஸ் வழிதான், உள்ளீடுகளைப் பரவல்களாக வைத்து ஓட்டியது. அதற்கு வண்டல், நீர் அளவுகளைக் கொடுத்தது ஹட்டாக்ஸ் என்ற தனி மாதிரி. கொழுப்பு, வண்டல் அளவு, கார்பன், கௌ ஆகியவற்றுக்கு லாக் இயல்புப் பரவல் போதும். இரைப்பங்குகளைத் தனித்தனியே ஆட்டினால் கூட்டல் 100% ஆக வராது. ஒவ்வொரு ஓட்டத்திலும் மொத்தத்தால் வகுத்து நேராக்கிவிட வேண்டும்.

தூர்வாரிய ஆண்டுகளின் மீன் தரவைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் நிலைத்தநிலைச் சமன்பாட்டை (மீனுக்குள் வருவதும் வெளியே போவதும் சமம் என்று வைப்பதை) கைவிடுங்கள். தோண்டும்போது கிளம்பும் வண்டலால் நீரில் அளவு சில மாதம் ஏறும். ஒரு வயதுப் பம்ப்கின்சீட் அதை உடனே காட்டும். பெரிய பாஸ் 260 நாள் பாதிக்காலத்தோடு பின்னால் தள்ளாடி வரும். அதை நிலைத்தநிலைக் கணக்கில் போட்டால் “தூர்வாரியும் வண்டல் குறையவில்லை” என்று பொய்யாகச் சொல்லும். நாள்படி ஓட்டுங்கள், ஒரு நாள் படி போதும். வெப்பநிலையை மாதவாரியாகக் கொடுங்கள். குளிர்கால ஹட்சனில் மீன் ஏறக்குறையத் தின்பதே இல்லை.

---

ஆற்றோரம்

கடைசியாக ஒன்று: 0.05 மி.கி/கி.கி இலக்குக்கு வண்டல் எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், கொழுப்பு 1%, பிஎஸ்ஏஎஃப் 4, கார்பன் 2.5% வைத்து, 0.03 மி.கி/கி.கி வருகிறது. இப்போதைய 5-இல் சுமார் நூற்றறுபதில் ஒரு பங்கு. இது சரியான வழிதானா?

---

படிவுப்பெட்டி

பெருக்கல் சரி, வழி பாதி சரி. பிஎஸ்ஏஎஃப்-ஐப் பின்னோக்கிப் போடும்போது “மீனில் இருப்பதெல்லாம் இந்த வண்டலிலிருந்தே வந்தது” என்று சொல்லிவிடுகிறீர்கள். மேலிருந்து வரும் நீரில் கொஞ்சம் பிசிபி இருந்தால், வண்டலைச் சுழியமாக்கினாலும் மீன் சுழியமாகாது. மேலே சொன்ன இரண்டு ஓட்டங்களில் “மேல்நீர் மட்டும்” என்பதன் விடையை எடுத்துப் பாருங்கள். ஆனால் அந்த மேல்நீரில் எவ்வளவு உங்கள் வண்டலே கசியவிட்டது, எவ்வளவு மேலிருந்து வந்தது என்று பிரிக்க வேண்டும், அதற்கு ஆலைகளுக்கு மேலே ஒரு தாள், உங்கள் பகுதிக்குள் ஒரு தாள். மேலிருந்து வருவது மட்டுமே மீனை 0.05-க்கு மேல் வைத்தால் வண்டல் இலக்கு எதுவும் அதைத் தீர்க்காது, வரத்தை முதலில் அடைக்க வேண்டும். 0.05-க்குக் கீழே வைத்தால், மிச்சம் உள்ள இடைவெளியை மட்டும் வண்டலுக்கு ஒதுக்கி, காஞ்ஜெனர் குழுவாரியாகப் பின்னோக்கிப் போடுங்கள். 0.03 மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பது அந்த இரண்டு தாள்களைப் பொறுத்தது.